மயக்க மருந்தும் சர்க்கரையும்

வீட்டில் பெரியவங்களுக்கு ஆபரேஷன் என்று நாள் குறித்ததுமே, "முழு மயக்கமா, முதுகில் ஊசியா?" என்றுதான் முதலில் கேட்போம். வலி தெரியக் கூடாதே என்பது நம் கவலை. சர்க்கரை வியாதி இருந்தால் இந்தக் கேள்வியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது, சகோதரிகளே.

நாம் மயங்கிக் கிடந்தாலும் உடம்பு தூங்குவதில்லை. கத்தி பட்டதுமே ஆபத்து என்று நினைத்து அட்ரினலின், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது. இவை ஈரலில் சேர்த்து வைத்த சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். இன்சுலின் சுரப்பதும் குறையும். வெறும் வயிற்றோடு படுத்திருப்பவருக்குச் சர்க்கரை ஏறுவது இதனால்தான்.

முழு மயக்கத்தில் நினைவுதான் போகிறது. உடம்பின் இந்தப் பதற்றம் முழுதாக அடங்குவதில்லை. சுவாசத்தில் தருகிற ஐசோஃப்ளூரேன், செவோஃப்ளூரேன் மருந்துகளும் இன்சுலின் சுரப்பைக் குறைக்கும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தாலோ, அறுக்கும் இடத்திலிருந்து மூளைக்குப் போகும் சேதியே தடைபடுகிறது. அதனால் கால், மூட்டு, கர்ப்பப்பை ஆபரேஷன்களில் சர்க்கரை அவ்வளவாக ஏறாது. கண்புரைக்குக் கண்ணை மட்டும் மரக்கச் செய்தால் இன்னும் நல்லது.

சர்க்கரை இறங்கிவிட்டால்? விழித்திருப்பவர் "படபடங்குது, வேர்க்குது" என்பார். மயக்கத்தில் இருப்பவர் சொல்ல முடியாது. அதனால்தான் ரத்தத்தை அடிக்கடி சோதிக்கிறார்கள்; 180-க்கு மேல் போகாமல் இன்சுலினும் கொடுக்கிறார்கள்.

அதற்காக "முதுகு ஊசிதான் வேணும்" என்று அடம் பிடிக்க வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும், நெஞ்சு ஆபரேஷனுக்கும் அது ஒத்துவராமல் போகலாம். மயக்க டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் வேலை வேறு. மாத்திரை அட்டைகளை எல்லாம் அவரிடம் காட்டுங்கள். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரைகளை 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மெட்ஃபார்மினைப் பெரும்பாலும் அன்று காலையில் தர வேண்டாம் என்பார்கள். இன்சுலினை மட்டும் நாமாக நிறுத்தவே கூடாது. "காலையில் முதல் ஆபரேஷனாக வையுங்கள்" என்று கேட்கலாம். பட்டினி நேரம் குறையும்.

முக்கியமாக, பாவம் பசிக்குமே என்று யாருக்கும் தெரியாமல் காப்பி கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் வாந்தி வந்து நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. தலை சுற்றுகிறது என்றால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். சர்க்கரையைப் பார்த்து, ஏற்ற வேண்டியதை அவர்கள் ஏற்றுவார்கள்.