கலத்துக்குள் ஒரு கணக்கப்பிள்ளை

சீனி வியாதிக்குக் கிளினிக்கில் தரும் மெட்ஃபோர்மின் குளிசையை அறியாத குடும்பம் நம்மில் குறைவு. அது ஈரலில் என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் சொல்வோர் அதைவிடக் குறைவு.

நமது கலங்களுக்குள் ஏ.எம்.பி.கே. என்றொரு நொதியம் உண்டு. கடைக் கணக்கப்பிள்ளையைப் போன்றது. கலத்தின் கைக்காசு ஏ.டி.பி. என்ற பொருள். அது செலவாகச் செலவாக ஏ.எம்.பி. என்ற மிச்சம் சேரும். மிச்சம் கூடினால் கணக்கப்பிள்ளை விழித்துக்கொள்வார். கொழுப்பைத் தயாரிக்கும் நொதியம் ஒன்றில் பொஸ்பேற்றை ஒட்டி அதை அடக்கிவிடுவார். அந்த நொதியம் உண்டாக்கும் மலோனைல் கோ ஏ என்பதுதான், கொழுப்பமிலங்கள் எரிவதற்கு இழைமணிக்குள் போகும் வாசலின் பூட்டு. உற்பத்தி நின்றால் பூட்டும் கழன்றுவிடும். சேமிப்பும் நிற்கும், இருப்பும் கரையும்.

நடந்தால் தசையில் இவர் விழிப்பார். வயிறு காய்ந்தால் ஈரலில் விழிப்பார். மெட்ஃபோர்மினோ இழைமணியின் வேலையைச் சற்று மந்தமாக்கி, பஞ்சம் வந்ததுபோல் காட்டி இவரை எழுப்புகிறது. 2001இல் இதைக் கண்டறிந்தார்கள். ஆனால் ஈரலில் இந்த நொதியமே இல்லாத எலிகளிலும் குளிசை சீனியைக் குறைத்தது என்று 2010இல் தெரியவந்தது. ஆகவே முழுப் பெருமையையும் இவருக்கே கொடுத்துவிட முடியாது.

‘மது தொடாத வீடு, நம் ஈரலுக்கு என்ன வரப்போகிறது?’ என்று இருந்துவிடாதீர்கள், சகோதரிகளே. ராகமையில் 35 முதல் 64 வயது வரையானோரைக் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தினர் ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மதுவால் வராத ஈரல் கொழுப்பு இருந்தது.

நோன்புப் பகலில் கணக்கப்பிள்ளை உழைத்ததையெல்லாம் இஃப்தாரின் ரோல்ஸும் சமோசாவும், பிறகு புதுக்கடை இரவுக் கடைகளின் கொத்தும் பலூடாவும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுகின்றன. வீட்டாருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, மிஞ்சியதை நேரம் கழித்துச் சாப்பிட்டு அப்படியே சாயும் உம்மாமாரின் நிலை இன்னும் மோசம்.

இன்னொன்று. மெட்ஃபோர்மின் மட்டும் எடுப்பவருக்குச் சீனி அளவுக்கு மீறி இறங்குவது அரிது. இன்சுலினோ கிளிக்லசைட்டோ சேர்ந்தால் கதை வேறு. நோன்புக்கு ஒரு மாதம் முன்பே டொக்டரிடம் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேளுங்கள். நீங்களாகக் குளிசையை நிறுத்த வேண்டாம். விரலில் குத்திச் சீனி பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழே காட்டினால், மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் நோன்பை விட்டுவிட வேண்டும் என்பதே மருத்துவர்களின் அறிவுரை.