தப்புப் பட்டியல் கொடுக்கிற நண்பன்

ஹாஸ்டல் மொட்டைமாடியில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, 'மச்சி, நாம சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிக்கலாம்டா' என்று சொல்லாத காலேஜ் ஸ்டூடன்ட் உண்டா? ஒரு மணிக்குக் கம்பெனிக்குப் பேர் வைத்து, ரெண்டு மணிக்கு யார் எம்.டி. என்று சண்டை போட்டு, காலையில் மெஸ்ஸில் இட்லி சாப்பிடும்போது கம்பெனியையே மறந்திருப்போம். அப்படி ஒரு வெட்டிப் பேச்சில் பிறந்து, விடிந்த பிறகும் மறக்கப்படாத கம்பெனி ஒன்று இருக்கிறது. இந்த வாரம் அதன் கதை.

வருஷம் 1982. இடம், அமெரிக்காவின் லாஸ் வேகஸ். ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் என்ற எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் ரெண்டு பேர் ஆபீஸ் மீட்டிங்குக்காக வந்திருக்கிறார்கள். ஒருத்தர் பில் ஸ்டீலி. விமானப்படை அகாடமியில் படித்து, பைலட்டாக இருந்து, அப்புறம் எம்.பி.ஏ. முடித்தவர். பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 'வைல்டு பில்' என்று பட்டப்பெயரே உண்டு. இன்னொருத்தர் சிட் மையர். டிபார்ட்மென்ட் ஸ்டோர்களின் பில் போடும் மெஷின்களை நெட்வொர்க்கில் இணைக்கிற புரோகிராமர். பேச வைப்பதே கஷ்டம்.

மீட்டிங் போர் அடித்ததும் ரெண்டு பேரும் ஹோட்டலில் இருந்த வீடியோ கேம் மெஷின்கள் பக்கம் ஒதுங்கினார்கள். அங்கே 'ரெட் பேரன்' என்று ஒரு விளையாட்டு. அடாரி கம்பெனி 1980-ல் விட்டது. முதல் உலகப் போர் காலத்து விமானத்தை ஓட்டி எதிரி விமானங்களைச் சுட வேண்டும். நிஜ பைலட் ஸ்டீலி கெத்தாக உட்கார்ந்து நல்ல ஸ்கோர் எடுத்தார். அடுத்து உட்கார்ந்த மையர் அதைச் சுலபமாகத் தாண்டிவிட்டார்.

ஸ்டீலிக்குத் தாங்கவில்லை. விமானமே ஓட்டாத ஆசாமி எப்படி ஜெயித்தார்? மையரின் பதில் ரொம்ப சிம்பிள். நீங்கள் ஆடும்போது எதிரி விமானங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்று கவனித்தேன், அவ்வளவுதான். அதோடு விடவில்லை. இதைவிட நல்ல விளையாட்டை என்னால் ஒரு வாரத்தில் எழுத முடியும் என்றார். நீ எழுது, நான் விற்கிறேன் என்றார் ஸ்டீலி.

நம்ம ஊர் மொட்டைமாடி டயலாக்கேதான். ஆனால் மையர் ஊருக்குத் திரும்பி, தன்னுடைய அடாரி கம்ப்யூட்டர் முன்னால் நிஜமாகவே உட்கார்ந்துவிட்டார். ஒரு வாரம் என்றது ரெண்டு மாசமாக இழுத்தது. (புராஜெக்ட் டெட்லைன் எல்லா நாட்டிலும் ஒண்ணுதான் பாஸ்!) விளையாட்டின் பெயர் 'ஹெல்கேட் ஏஸ்'. ஸ்டீலியிடம் கொடுத்தார்.

கதையின் முக்கியமான இடமே இதுதான். 'சூப்பர்டா, கலக்கிட்டே' என்று முதுகில் தட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஸ்டீலி அதை ஆடிப் பார்த்துவிட்டு, தப்புகளின் பட்டியல் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். இங்கே புரோகிராம் தடுமாறுகிறது, அங்கே நிஜ விமானம் இப்படி நடந்துகொள்ளாது என்று வரிசையாக. மையர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்து எல்லாவற்றையும் சரிசெய்தார். என்னைக் கேட்டால், 'மைக்ரோப்ரோஸ்' என்ற கம்பெனி பிறந்தது லாஸ் வேகஸில் இல்லை. அந்தப் பட்டியலில்தான்.

அப்புறம் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் டிஸ்க்கைப் போட்டு, கடை கடையாக விற்பனை. ஸ்டீலி பிற்பாடு தானே சொன்ன ஒரு தில்லாலங்கடியும் உண்டு. கடைக்குப் போன் போட்டு 'ஹெல்கேட் ஏஸ் இருக்கா?' என்று கேட்பார். கொஞ்ச நாள் கழித்து வேறு குரலில் இன்னொரு கஸ்டமராக மறுபடி கேட்பார். 'என்னய்யா கடை வச்சிருக்கே, அது கூடவா இல்லை' என்று கோபப்படுவார். கடைசியில் கம்பெனி ஆளாகவே போன் செய்தால், கடைக்காரர் 'அதைத்தான் தேடிக்கிட்டிருக்கோம் சார்' என்பார். (பிசினஸ் கற்றுக்கொள்ள நல்ல இடம்தான். ஃபாலோ செய்ய உகந்தது அல்ல!)

மேரிலேண்ட் மாநிலத்தின் ஹன்ட் வேலி என்ற ஊரில் கம்பெனி வளர்ந்தது. எண்பதுகளின் நடுவில் வந்த 'எஃப்-15 ஸ்ட்ரைக் ஈகிள்' பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 1985-ல் நீர்மூழ்கிக் கப்பலை வைத்து 'சைலன்ட் சர்வீஸ்', 1986-ல் ஹெலிகாப்டரை வைத்து 'கன்ஷிப்'. விழாக்களுக்கு ஸ்டீலி பைலட் உடையிலேயே வருவார். டி-28 என்ற பழைய பயிற்சி விமானம் ஒன்றையும் கம்பெனி வைத்திருந்தது. பத்திரிகையாளர்களை அதில் ஏற்றிக்கொண்டு வானத்தில் குட்டிக்கரணம் அடிப்பார். கீழே இறங்கியவர்கள் விமர்சனம் எழுதினார்களா, வாந்தி எடுத்தார்களா என்பது அவரவர் வயிற்றைப் பொறுத்தது.

எல்லோரும் கைதட்டவில்லை. வியட்நாம், லிபியா என்று மனிதர்கள் நிஜமாகவே செத்த இடங்கள்தான் எஃப்-15 விளையாட்டின் களங்கள். மேற்கு ஜெர்மனியில் இளைஞர் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு அதைச் சிறுவர்களுக்கு விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ரெண்டு உலகப் போர்களைப் பார்த்த நாட்டுக்குப் போர் ஒரு பொழுதுபோக்காகத் தெரியவில்லை என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் மையரின் மனசு விமானத்தைவிட்டு இறங்க ஆரம்பித்தது. கடற்கொள்ளையர்களை வைத்து ஒரு விளையாட்டு செய்யப்போகிறேன் என்றார். ஸ்டீலிக்குத் தூக்கிவாரிப் போட்டது. விமானம் விற்கிற கடையில் கப்பலா? சரி, உன் பேரையே டப்பாவில் பெரிசாகப் போடுவோம், பழைய கஸ்டமர் பேரைப் பார்த்தாவது வாங்குவான் என்று முடிவானது. 1987-ல் 'சிட் மையர்ஸ் பைரேட்ஸ்' வந்தது. இன்றைக்கும் அவர் பெயர் டப்பாவில் வருவதற்குப் பிள்ளையார் சுழி அதுதான். பெயரைப் போடச் சொன்னதே ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ்தான் என்று ஸ்டீலி ஒரு கதை சொல்வார்.

மையர் விமானத்துக்கு ஒரு கடைசி வணக்கம் போட்டார். 1988-ல் வந்த 'எஃப்-19 ஸ்டெல்த் ஃபைட்டர்'. ராடார் கண்ணில் படாத ரகசிய விமானம் ஒன்றை அமெரிக்கா வைத்திருக்கிறது என்று அப்போது ஊரெல்லாம் வதந்தி. அதற்கு எஃப்-19 என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வதந்தியை வைத்தே விளையாட்டு தயார். அதே 1988 நவம்பரில் பென்டகன் நிஜ விமானத்தின் படத்தை வெளியிட்டது. பெயர் எஃப்-117. உருவம் சுத்தமாக வேறு!

ஆனால் விளையாட்டின் மூளை பொய்யில்லை. அதில் சுடுவதைவிட ஒளிவதுதான் வேலை. தாழப் பறக்க வேண்டும். குண்டு வைத்திருக்கும் கதவைத் திறந்தால் ராடாரில் தெரிந்துவிடுவீர்கள். எந்த ராடாருக்கு எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று யோசிக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒரு விமானப் படத்தைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்கும். டப்பாவோடு வந்த தடி மேனுவலைப் புரட்டினால்தான் பதில் தெரியும். திருட்டு காப்பி அடித்தவனுக்கு அங்கேயே ஆப்பு.

ஒரு விமான விளையாட்டில் தனக்குப் பிடித்த எல்லாவற்றையும் இதிலேயே போட்டாகிவிட்டது என்ற முடிவுக்கு வந்தார் மையர். 1990-ல் 'ரெயில்ரோட் டைக்கூன்', 1991-ல் 'சிவிலைசேஷன்' என்று வேறு பாதையில் போனார்.

ஸ்டீலிக்கோ வேறு கனவு. கடைகளில் காசு போட்டு ஆடும் பெரிய மெஷின்களைத் தயாரிக்க வேண்டும். எந்த மெஷினில் நண்பனிடம் தோற்றாரோ, அதே மாதிரி மெஷின்! மையர், இது ரொம்ப ரிஸ்க் என்று நினைத்தார். இந்த முறை பட்டியல் கொடுத்தது மையர், வாங்க வேண்டியவர் ஸ்டீலி. ஆனால் வண்டி நிற்கவில்லை. மையர் தன் பங்கை ஸ்டீலிக்கே விற்றுவிட்டு, அதே கம்பெனிக்குக் கான்ட்ராக்டில் விளையாட்டு செய்துகொடுக்கும் ஆளாக மாறினார். சண்டை, சட்டைக் கிழிசல் எதுவும் இல்லை. டப்பாவில் பெயர் வந்துகொண்டே இருந்ததால் வெளியே பெரிசாகத் தெரியவும் இல்லை.

மாவு விற்கப் போனால் காற்றடிக்கும், உப்பு விற்கப் போனால் மழை பெய்யும் என்பார்களே, அந்தக் கதைதான் அடுத்து. மெஷின்கள் பணத்தைத் தின்றன. 1991-ல் பங்குச் சந்தைக்குப் போன கம்பெனி, 1993-ல் ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட் என்ற போட்டிக் கம்பெனியின் கைக்குப் போனது. ஸ்டீலி வெளியேறி, 1995-ல் வேறு கம்பெனி தொடங்கினார். மையரும் வெளியேறி, 1996-ல் ஜெஃப் பிரிக்ஸ், பிரையன் ரெனால்ட்ஸ் ஆகியோருடன் 'ஃபிராக்ஸிஸ்' தொடங்கினார்.

இங்கே 'வணக்கம்' போட்டிருக்கலாம். ஆனால் கிளைமாக்ஸே இனிமேல்தான்.

வாங்கிய ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட்டிடம் 'ஃபால்கன்' என்ற விமான விளையாட்டு இருந்தது. எஃப்-16 விமானத்தைப் பற்றியது. 1987-லிருந்து வருகிறது. அதன் நாலாவது பதிப்பு வருஷக்கணக்கில் இழுத்து, மைக்ரோப்ரோஸ் பெயரிலேயே 1998 டிசம்பரில் வந்தது. மேனுவல் மட்டும் கிட்டத்தட்ட 600 பக்கம், ரிங் பைண்டரில். நம்ம செமஸ்டர் புத்தகம் தோற்றது!

விஷயம் என்னவென்றால், அதில் எழுதிவைத்த கதை கிடையாது. கொரிய தீபகற்பத்தில் ஒரு முழுப் போர் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒரு பாலத்தை உடைத்தால் எதிரி டாங்கிகள் வேறு வழி தேடும். நீங்கள் தூங்கினாலும் போர் தூங்காது. உங்களைச் சுற்றி ஒரு குமிழி மாதிரி வட்டம். அதற்குள் ஒவ்வொரு குண்டும் துல்லியமாகக் கணக்கிடப்படும். வட்டத்துக்கு வெளியே நடப்பது தோராயக் கணக்கு. அந்தக் கால கம்ப்யூட்டரில் ஒரு போரையே அடைத்த ரகசியம் இதுதான்.

ஆனால் அவசரமாகக் கடைக்கு வந்ததால் ஏகப்பட்ட கோளாறுகள். ஆடிக்கொண்டிருக்கும்போதே படுத்துவிடும். அதற்குள் 1998 ஆகஸ்டிலேயே பொம்மை கம்பெனியான ஹாஸ்ப்ரோ 7 கோடி டாலருக்கு எல்லாவற்றையும் வாங்கியிருந்தது. திருத்தங்கள் கொஞ்சம் வந்தன. 1999 டிசம்பரில் ஃபால்கன் டீம் இருந்த அலமீடா ஸ்டூடியோவையே மூடிவிட்டார்கள்.

சில மாதங்களில், 2000 ஏப்ரலில், அந்த விளையாட்டின் மூலப் புரோகிராம் இன்டர்நெட்டில் கசிந்தது. சட்டப்படி தப்பு. சந்தேகமே இல்லை. அடுத்தவர் சொத்து. ஆனால் அதை எடுத்தவர்கள் காப்பி போட்டு விற்று சம்பாதிக்கவில்லை. உட்கார்ந்து தப்புகளைப் பட்டியல் போட்டார்கள். ஒவ்வொன்றாகச் சரிசெய்தார்கள். குழுக்கள் உருவாயின, சண்டை போட்டன, பிரிந்தன, சேர்ந்தன. அதில் 'ஃபால்கன் பி.எம்.எஸ்.' என்ற குழுவின் பதிப்பு இன்றைக்கும் இலவசமாக வந்துகொண்டிருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. அசல் ஃபால்கன் 4.0 உங்களிடம் இருந்தால்தான் அது ஓடும். தப்பில் பிறந்ததற்கு அவர்களே போட்டுக்கொண்ட ஒரு வேலி.

கம்பெனி என்ன ஆனது? ஹாஸ்ப்ரோ தன் விளையாட்டுப் பிரிவை 2001-ல் இன்ஃபோகிராம்ஸிடம் தள்ளிவிட்டது. 2003-ல் ஹன்ட் வேலி ஸ்டூடியோவும் மூடப்பட்டது. பெயர் மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் டேவிட் லகெட்டி என்ற ஆஸ்திரேலியர் அந்தப் பெயரை வாங்கினார். 2020-ல் மைக்ரோப்ரோஸ் மறுபடி புது விளையாட்டுகளை அறிவித்தது. 2023-ல் ஃபால்கன் உரிமையையும் வாங்கிவிட்டதாகச் சொன்னது. யாரோ மூடிய கடையின் விளக்கை அணையாமல் பார்த்துக்கொண்ட ரசிகர்கள் இல்லையென்றால், இருபத்துச் சொச்சம் வருஷம் கழித்து அந்த உரிமைக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்குமா?

பணம் போட்டவர்கள் வந்தார்கள், போனார்கள். தப்பைப் பார்த்தவர்கள்தான் தங்கினார்கள். ஆகவே மக்களே, பார்ட்னர் தேடும்போது 'சூப்பர் மச்சி' என்பவனை ட்ரீட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் புரோகிராமையோ கவிதையையோ குறும்படத்தையோ பொறுமையாகப் பார்த்துவிட்டு, மறுநாள் பதினேழு தப்போடு வருகிறானே, அவனைக் கம்பெனிக்குக் கூப்பிடுங்கள். அவன் நீட்டும் பேப்பரைக் கிழிக்காமல் படிக்கிற தைரியம் உங்களுக்கு இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பில் ஸ்டீலிக்கு முதல் முறை கொடுக்கத் தெரிந்தது. ரெண்டாவது முறை வாங்கத் தெரியவில்லை.

பி.கு.: ஃபால்கனை உருவாக்கிய ஸ்பெக்ட்ரம் ஹோலோபைட்டின் தலைவர் கில்மன் லூயி 1999-ல் எங்கே வேலைக்குப் போனார் தெரியுமா? சி.ஐ.ஏ.வுக்காகப் புதுத் தொழில்நுட்பக் கம்பெனிகளில் முதலீடு செய்யும் 'இன்-க்யூ-டெல்' அமைப்பின் முதல் தலைமை நிர்வாகியாக! 'எப்பப் பார்த்தாலும் கேம்ஸ், உருப்படவே மாட்டே' என்று வீட்டில் திட்டினால் இந்தத் தகவலை எடுத்து விடுங்கள். அதற்கப்புறம் விழும் அடிக்கு நான் பொறுப்பல்ல.