பரணில் கிடக்கும் துப்பாக்கி!

பழைய வீடு. இடித்துக் கட்டப் போகிறார்கள். பரணில் இருந்த சாமான்களை ஒவ்வொன்றாக இறக்குகிறார்கள்.

ஓட்டை அண்டா. உடைந்த தொட்டில். அவற்றுக்குப் பின்னால், சாக்கில் சுற்றி, ஆள் உயரத்துக்கு ஏதோ ஒன்று. பிரித்துப் பார்த்தால், துப்பாக்கி!

"பாட்டன், பூட்டன் காலத்துச் சாமான்" என்கிறார், பெரியவர்.

"பேசாமல் கடலில் போட்டுவிடுங்கள், மாமா. போலீசு, கோர்ட்டு என்று யார் அலைவது?" இது, மருமகன்.

"பழைய இரும்புக் கடையில் போட்டால் நாலு காசாவது கிடைக்கும்." இது, மருமகள்.

"ஒரே ஒரு தடவை சுட்டுப் பார்ப்போமே, தாத்தா!" இது, பேரன்.

தூத்துக்குடி வட்டாரத்தில் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய பேச்சுதான் இது. மூன்று பேர் சொல்வதும் தவறு. அதிலும் பேரன் சொல்வது, பெருந்தவறு.

முத்தும் துப்பாக்கியும்

அந்தத் துப்பாக்கி இந்தக் கரைக்கு எப்படி வந்தது?

முத்துக்காக வந்தவர்கள், துப்பாக்கியோடு வந்தார்கள். 16-ம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் வந்தார்கள். 1658-ல் அவர்களை விரட்டிவிட்டு, டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1825-ல் ஊர் முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. கொடி மாறியது. துப்பாக்கி மட்டும் மாறவில்லை.

அந்தக் காலத்துப் பட்டாளத் துப்பாக்கியைச் சுடுவது லேசான காரியம் அல்ல. குழலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்ட வேண்டும். ஈயக் குண்டைப் போட வேண்டும். கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். விசையை இழுத்தால், சிக்கிமுக்கிக் கல் இரும்பில் உரசும். பொறி பறக்கும். மருந்து பற்றிக்கொள்ளும். பிறகுதான், "டுமீல்!"

கும்பினிப் பட்டாளம் வைத்திருந்த துப்பாக்கியின் எடை, 4 கிலோவுக்கு மேல். குழலின் வாய் அகலம், முக்கால் அங்குலம். நன்றாகப் பழகியவன் ஒரு நிமிடத்தில் 3 தடவை சுடலாம். 100 கஜத்துக்கு அப்பால் குண்டு எங்கே போகும் என்று சுட்டவனுக்கே தெரியாது!

பாஞ்சாலங்குறிச்சி

இந்தத் துப்பாக்கிகளை எதிர்த்துத்தான் பாஞ்சாலங்குறிச்சி நின்றது.

1799-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி, கட்டபொம்மனைக் கயத்தாறில் தூக்கிலிட்டார்கள். அவர் தம்பி ஊமைத்துரை, பாளையங்கோட்டைச் சிறையில் இருந்தார். 1801 பிப்ரவரியில், சிறையில் இருந்து தப்பினார். இடிந்து கிடந்த கோட்டையை மறுபடியும் மண்ணால் எழுப்பினார். தூத்துக்குடியில் இருந்த காவல் கோட்டையும் அவர் ஆட்கள் வசம் வந்தது.

அவர்கள் கையில் நீண்ட வல்லயம் இருந்தது. துப்பாக்கியும் இருந்தது. மார்ச்சு 31-ந் தேதி வெள்ளைப் பட்டாளம் மண்கோட்டையைத் தாக்கிப் படுதோல்வி அடைந்தது. பெரிய பீரங்கிகளோடு புதிய படை வந்து, மே 24-ந் தேதிதான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கு மேடை ஏறினார்.

அதற்குப் பிறகுதான் முக்கியமான காரியம் நடந்தது. 1801 டிசம்பர் 1-ந் தேதி, சென்னை கவர்னர் ஒரு பிரகடனம் போட்டார். தென்பாளையங்களில் இனி ஆயுதம் கூடாது, கோட்டை கூடாது. இதுவே அதன் சாரம். கோட்டைகள் தரைமட்டமாயின. ஆயுதங்கள் பறிமுதலாயின.

அப்படிப் பறித்த பிறகும், 200 ஆண்டு உப்புக் காற்று அரித்த பிறகும், ஒரு துப்பாக்கி மிஞ்சி இருந்தால், அதன் மதிப்பு என்ன? அதைக் கிலோக் கணக்கில் போடலாமா?

வெளிநாட்டு மோகம்

வெளிநாடுகளில் பழைய பட்டாளத் துப்பாக்கிகளைச் சேர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. அமெரிக்காவில் 1898-ம் ஆண்டு வரை செய்யப்பட்ட துப்பாக்கி, பழம்பொருள். இங்கிலாந்தில் அதை அலங்காரமாக வைத்துக்கொள்ளலாம். சுட நினைத்தால் லைசென்சு வேண்டும். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கு என்றே ஒரு சர்வதேச சங்கம், 1971-ல் தொடங்கியது. உலகப் போட்டியும் நடத்துகிறது!

இந்த மோகத்தால் நேப்பாளத்தில் நடந்ததைப் பாருங்கள். காட்மாண்டில் ஒரு பழைய அரண்மனை ஆயுதக் கிடங்கு. உள்ளே 50 ஆயிரத்துக்கு மேற்பட்ட துப்பாக்கிகள். 2003-ல் அமெரிக்க வியாபாரிகள் அவற்றை மொத்தமாக வாங்கிக் கப்பல் ஏற்றினார்கள். இப்போது அந்த நாட்டின் சரித்திரத்தைக் காட்டும் துப்பாக்கிகள், அமெரிக்கர்களின் வரவேற்பறைச் சுவரில் தொங்குகின்றன.

இந்தியாவில் அப்படிச் செய்ய முடியாது. 100 ஆண்டு தாண்டிய பழம்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது என்கிறது, 1972-ம் ஆண்டுச் சட்டம். நல்ல சட்டம். ஆனால் இங்கேயே கிணற்றிலும் கடலிலும் போடுவதை எந்தச் சட்டம் தடுக்கும்?

சுடலாமா?

"சுடாத துப்பாக்கி, வாசிக்காத வீணை மாதிரி" என்று வாதிப்பவர்கள் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் வீணை நரம்பு அறுந்தால், விரல்தான் வலிக்கும். துருப்பிடித்த குழல் வெடித்தால், கண் போகும், கை போகும்.

சுட்டுப் பார்க்கும் ஆசைக்கு வேறு வழி இருக்கிறது. அந்தக் காலத்து மாதிரியிலேயே புதிய துப்பாக்கிகளை இந்தியாவிலேயே செய்கிறார்கள். பற்றவைக்கும் துளையை மட்டும் போடாமல், பொம்மைபோல வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள்! லைசென்சு உள்ள சங்கங்கள், முறையான மைதானத்தில், சோதித்துப் பார்த்த புதுக் குழலில் சுடட்டும். பூட்டனின் துப்பாக்கி ஓய்வு எடுக்கட்டும்.

திருமணத்திலும் திருவிழாவிலும் வேடிக்கைக்காகச் சுட்டு, பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தால், 2019-ம் ஆண்டுத் திருத்தப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பேரன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

சட்டத்தில் ஒரு முடிச்சு

மருமகனின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால், 2 முதல் 5 ஆண்டு வரை சிறை.

ஆனால் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு, ஒரு விலக்குத் தருகிறது. பழைய மாதிரித் துப்பாக்கி, பழம்பொருள் மதிப்பு உள்ள துப்பாக்கி, பழுதான துப்பாக்கி ஆகியவற்றுக்குச் சட்டம் பொருந்தாது. ஒரு நிபந்தனை: பழுது பார்த்தாலும்கூட அது சுடக்கூடாது!

இங்கேதான் முடிச்சு விழுகிறது. "இனி இது சுடாது" என்று யார் சொல்வது? குடும்பத் தலைவரா? கொல்லரா? துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போலீசு நிலையத்துக்குள் நுழைய, எந்தக் குடும்பஸ்தனுக்குத் துணிச்சல் வரும்? அதனால்தான், இருட்டியதும் கடலுக்குப் போகிறது, துப்பாக்கி.

இதைச் சர்க்கார் மாற்ற வேண்டும். மாவட்டந்தோறும் ஒரு நாள் குறிக்கலாம். அருங்காட்சியக அதிகாரியும் ஆயுத நிபுணரும் சேர்ந்து உட்காரட்டும். கொண்டு வருகிறவர்மேல் வழக்கு இல்லை என்று முன்கூட்டியே தண்டோரா போடட்டும். சுட முடியாத துப்பாக்கிக்குச் சான்றிதழ் எழுதி, வீட்டுக்கே திருப்பிக் கொடுக்கட்டும். சுடக்கூடியது என்றால், அருங்காட்சியகம் ஏற்றுக்கொள்ளட்டும். கொடுத்த குடும்பத்தின் பெயரைப் பக்கத்தில் எழுதி வைக்கட்டும். பாஞ்சாலங்குறிச்சியில் 1974-ல் கட்டிய நினைவுக் கோட்டை இருக்கிறது. அங்கே வைத்தால், பள்ளிப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

அதுவரை, பரணில் துப்பாக்கி கண்டெடுத்தவர்கள், முதலில் ஒரு காரியம் செய்ய வேண்டும். குழலை யார் பக்கமும் திருப்பாதீர்கள். விசையைத் தொடாதீர்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். பூட்டன் கெட்டித்த மருந்து, உள்ளேயே இருக்கலாம். நனையாத கருமருந்துக்கு, 100 ஆண்டு ஒரு வயதே அல்ல!