கீபோர்டு கிளாஸ் சரி... பிள்ளையைத் தவில், நாதஸ்வரத்தில் சேர்க்க ஏன் தயக்கம்?

“பாப்பாவை எந்த மியூசிக் கிளாஸ்ல சேர்க்கலாம்?” வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு கேள்வி வந்தால் கீபோர்டு, கிடார், வயலின் என்று பதில்கள் குவியும். தவில் என்று யாராவது சொன்னால் சிரிப்பு எமோஜிதான் வரும். கூத்தாநல்லூர்க்காரர்களும் இதற்கு விதிவிலக்கல்ல.

இத்தனைக்கும் நம்மைச் சுற்றி இருப்பது என்ன? பக்கத்துத் திருவாரூர், கர்நாடக இசையின் மும்மூர்த்திகள் பிறந்த ஊர். தவில் மேதை மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் நீடாமங்கலமும் நம் மாவட்டம்தான். ஆச்சா மரத்தில் கடையப்படும் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரம் 2022-ல் புவிசார் குறியீடு பெற்றதும் இதே டெல்டாவில்தான்.

எங்கே சேர்ப்பது?

திருவாரூரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. கலை பண்பாட்டுத் துறை நடத்தும் இந்தப் பள்ளிகளில் 12 முதல் 25 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். 3 ஆண்டுச் சான்றிதழ் படிப்பு. வயலின், மிருதங்கத்துக்கு 7-ம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். நாதஸ்வரம், தவிலுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தாலே போதும். அதைவிடச் சின்னப் பிள்ளைகளுக்கு, 5 முதல் 16 வயது வரை, ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது. சேர்க்கும் முன் எந்தெந்தக் கருவிக்கு ஆசிரியர் இருக்கிறார், வகுப்பு நேரம் என்ன என்று நேரில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் என்ன தயக்கம்?

“அதுல சோறு கிடைக்குமா?” என்பதுதான் முதல் கேள்வி. கீபோர்டு கற்கும் பிள்ளையிடம் இதை யாராவது கேட்கிறோமா? அது ஹாபி, தவில் மட்டும் தொழில். உடைத்துச் சொன்னால், ‘அது அவங்க சாதி வேலை’ என்ற பழைய எண்ணம்தான் இங்கே பேசுகிறது. கல்யாணத்தில் கெட்டிமேளம் வேண்டும், ஆனால் நம் வீட்டுப் பிள்ளை வாசிக்கக் கூடாது. என்ன நியாயம் இது?

இரண்டாவது, ‘நம்ம மதத்துக்கு ஒத்து வராது’, ‘பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு’ என்பவை. ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா நாதஸ்வரத்தின் பெரும் வித்வான்களில் ஒருவர். அவரிடம் பயின்ற ஷேக் மஹபூப் சுபானி, காலிஷாபி மஹபூப் தம்பதிக்கு 2020-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. முஸ்லிம் குடும்பங்கள் நிறைந்த கூத்தாநல்லூரில் இதைவிடப் பொருத்தமான பதில் வேறு வேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. நம் ராகங்களின் உயிர் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து, இழைத்து வாசிப்பது. கீபோர்டின் கட்டைகளில் அது எளிதில் வராது. நாதஸ்வரத்தில் மூச்சும் விரலும் அதைக் கொண்டுவரும். அதற்காக கீபோர்டு வேண்டாம் என்பதல்ல, பிள்ளைக்குக் காட்டும் பட்டியலில் இவையும் இருக்கட்டும் என்பதுதான் வாதம்.

அரசு என்ன செய்யலாம்?

பகல் முழுக்கப் பள்ளியில் இருக்கும் பிள்ளை இசைப்பள்ளிக்கு எப்போது போவது? கூத்தாநல்லூர் மாதிரி ஊர்களின் அரசுப் பள்ளிகளில் மாலையிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ நாதஸ்வரம், தவில் வகுப்பு நடத்தலாம். பெரிய கட்டடம் வேண்டாம், ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் போதும். ஆனால், கேட்க ஆள் இருந்தால்தான் வகுப்பு வரும். அந்தக் கோரிக்கையைப் பெற்றோர்தான் முதலில் வைக்க வேண்டும்.