சம்மதம் கேட்காத ஜெப விண்ணப்பம்



சென்ற மாதம் நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு சகோதரிக்காக ஜெப விண்ணப்பம் வந்தது. அவருடைய பெயர், வியாதி, மருத்துவமனை, மகனுடைய கைபேசி எண் யாவும் அதில் இருந்தன. மறுநாளே மருத்துவமனைக் கணக்குப் பிரிவிலிருந்து பேசுவதாகக் கூறி, உடனே முன்பணம் செலுத்தும்படி மகனுக்கு அழைப்பு வந்தது. அவர் நேரில் சென்று விசாரித்ததால் பணம் தப்பியது. செய்தி யார் வழியாக வெளியே போயிற்றென்று தெரியவில்லை. ஆனால் அதைக் குழுவில் இட்டவன் நானே.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஒருவருடைய விவரத்தைப் பயன்படுத்துமுன் பொதுவாக அவருடைய சம்மதத்தை அது கோருகிறது. இச்சட்டம் தாம்பரத்திலுள்ள ஒரு சபைக் குழுவையும் கட்டுப்படுத்துமா என்று சிலர் கேட்டீர்கள். அதற்கு விடை காணும்வரை காத்திருக்க எனக்கு மனமில்லை. அந்தச் சகோதரியிடம் நான் கேட்கவில்லை. அந்தரங்கத்தில் ஜெபிக்கும்படி கற்பிக்கப்பட்ட நாம், பிறருடைய அந்தரங்கத்தை வீதியில் வைத்து ஜெபித்துவிட்டோம்.

இனிக் குழுவில் பெயரும் தேவையும் மட்டுமே வரும். அதுவும் அவர்கள் சம்மதித்தால். மற்றவற்றை என்னிடம் நேரில் சொல்லுங்கள். எவரேனும் இப்படிப் பணத்தை இழந்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.