சாரலும் சாப்பாடும்

நீங்கள் தென்காசிக்குப் போகிற சமயம் ஆடி மாதமாக இருந்தால், காசி விசுவநாதர் கோயில் வாசலில் மேல்துண்டைச் சற்றுக் கெட்டியாகப் பிடித்துக் கொள்ளுங்கள். அங்கே வீசும் காற்று அப்படி! மேற்கே மலைத்தொடரில் ஆரியங்காவுக் கணவாய் என்று ஓர் இடைவெளி இருக்கிறது. கேரளத்தில் கொட்டித் தீர்த்த மழைக்காற்று, மிச்சத்தை அந்த வழியாக நமக்கு அனுப்பி வைக்கிறது. அந்த மிச்சத்துக்குத்தான் சாரல் என்று பெயர்.

கோயிலைக் கட்டியவன் 15-ஆம் நூற்றாண்டில் ஆண்ட பராக்கிரம பாண்டியன். அவன் கல்லில் வெட்டி வைத்த விண்ணப்பம் ஒன்று உண்டு. பிற்காலத்தில் இந்தக் கோயிலுக்குக் குறை நேர்ந்தால், அதைச் சீர்செய்கிறவர் யாராயிருந்தாலும் அவர் அடியில் தான் இப்போதே விழுந்து வணங்குவதாகச் சொல்கிறான். பார்த்தீர்களா, ராஜாவின் பணிவை! கோபுரம் இடையில் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990-இல் ஒன்பது நிலைகளோடு மறுபடி எழுந்தது. அரசனின் கும்பிடு வீண்போகவில்லை.

அங்கிருந்து குற்றாலம் கூப்பிடு தூரம். சிற்றாறு மலையை விட்டு இறங்குகிற இடம் பேரருவி. எண்ணெய் தேய்க்காத தலையையும் அது தட்டிக் கொடுத்து அனுப்புகிறது. நான் ஆனந்தமாய் நின்றுகொண்டிருந்தபோது போலீஸ்காரர் விசில் ஊதினார். "எல்லோரும் வெளியே வாங்க!" என்றார். இன்னும் தலைகூட நனையவில்லையே என்று முணுமுணுத்தேன்.

"தண்ணி நிறம் மாறுது ஸார், பாருங்க" என்றார் அவர்.

பார்த்தேன். வெள்ளையாக விழுந்த அருவி செம்மண் கலந்து விழுந்தது. இங்கே ஒரு சொட்டு மழை இல்லை. மேலே மலையில் பெய்திருக்கிறது. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் இப்படித்தான் திடீரென்று வெள்ளம் வந்து, பதினேழு வயதுப் பிள்ளையொன்றைக் கொண்டுபோய்விட்டது. அது நினைவுக்கு வந்ததும் என் முணுமுணுப்பு நின்றது. விசில் கேட்டால் தயவு செய்து பேரம் பேசாதீர்கள்.

அருவியில் குளித்தவனுக்கு வரும் பசி சாதாரணப் பசி அல்ல. கடைத்தெருவில் தேங்காயெண்ணெயில் பொரியும் நேந்திரங்காய் வறுவல் முதலில் அழைக்கும். அப்புறம் பழக்கடைகள். மங்குஸ்தான், ரம்புட்டான், முள்நாறிப் பழம் என்கிற துரியன்! மலேயாப் பக்கத்துப் பழங்களுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியார் குற்றாலத்தில் தோட்டம் போட்டு, கீழைத் தீவுகளின் ஜாதிக்காயையும் கிராம்பையும் வளர்த்துப் பார்த்தார்கள். அந்தத் தீவுகளின் மழையும் நிழலும் இந்த மலைச்சரிவிலும் இருந்தன. மங்குஸ்தானை உடைத்து வெள்ளைச் சுளையை வாயில் போட்டால், கப்பல் ஏறாமலே கடல் கடந்த மாதிரி இருக்கும். துரியனை மட்டும் கடையிலேயே சாப்பிட்டுவிடுங்கள். காரில் ஏற்றினால் குடும்பத்தில் கலகம்!

இரவுச் சாப்பாட்டுக்கு என் மைத்துனர் செங்கோட்டை சாலையில் பிரானூருக்கு இழுத்துப் போனார். அங்கேதான் 'பார்டர் பரோட்டா'. செங்கோட்டை அந்நாளில் திருவாங்கூர் ராஜ்யம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி அது தமிழகத்தோடு சேர்ந்தது. எல்லை மேற்கே புளியரை தாண்டிப் போய்விட்டது. பரோட்டா மட்டும் பழைய எல்லையைக் காத்து நிற்கிறது! மைத்துனர் நாட்டுக்கோழியை ஒரு கை பார்த்தார். சைவக்காரனான நான் பரோட்டாவுக்குச் சர்க்கரை கேட்டேன். பரிமாறியவர் சிரிக்காமல் கொண்டுவந்து வைத்தார். அந்த மரியாதையை மறக்க மாட்டேன்.

காற்று கேரளத்திலிருந்து வந்தது. பழம் கடல் கடந்து வந்தது. பரோட்டா பழைய எல்லையில் நிற்கிறது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நாம் அங்கே விட்டுவருவது என்ன? அருவியில் சோப்பும் ஷாம்பூவும் கூடாது என்று தடை இருக்கிறது. ஆனாலும் பாறை இடுக்கில் ஷாம்பூ உறை கிடக்கிறது. திரும்பும்போது என் சிறிய பெண் இரண்டு உறைகளைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

அந்தப் பாண்டியன் விழுந்து கும்பிட்டது பெரிய திருப்பணிக்காரர்களை மட்டும்தானா? எனக்கென்னவோ, அன்று அவளுக்கும் அதில் ஒரு பங்கு போயிருக்கும் என்று தோன்றுகிறது.