விசில் ஊதுபவருக்குப் பின்னால் ஊர் நிற்க வேண்டும்

திட்டக்குடி, பெண்ணாடம், தொழுதூர், வேப்பூர், விருத்தாசலம் பகுதிப் பொதுமக்களுக்கும், போட்டி நடத்தும் கமிட்டியாருக்கும், ஆட்டக்காரத் தம்பி தங்கைகளுக்கும்:

நாங்கள் இந்தப் பக்கத்து மைதானங்களில் கால்பந்து ஆடுகிறவர்கள், ஆடி ஓய்ந்தவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் விசில் ஊதுகிறவர்கள். எங்களில் உடற்கல்வி ஆசிரியர்கள் உண்டு. விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு ஆட வருகிறவர்கள் உண்டு. பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்து வரும் பெற்றோரும் உண்டு. கிரிக்கெட்டும் கபடியும் கோலோச்சும் ஊரில் கால்பந்தைக் கட்டிக் காப்பதே பெரும்பாடு. அப்படிக் காப்பாற்றி வரும் ஆட்டத்தை இப்போது நாமே கெடுத்துக்கொண்டிருக்கிறோம். நடுவரை வாய்க்கு வந்தபடி திட்டுவதும், ஒவ்வொரு விசிலுக்கும் ஓடிப்போய்ச் சூழ்ந்துகொண்டு மல்லுக்கு நிற்பதும் வழக்கமாகிவிட்டன.

மைதானத்துக்கு வராதவர்களுக்காக அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம். கோலுக்கு முன்னால் தடுத்தாடுபவரின் கையில் பந்து படுகிறது. நடுவர் பெனால்டி என்று கைகாட்டுகிறார். மறுநொடி ஐந்தாறு பேர் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் முகத்துக்கு நேரே விரலை ஆட்டுகிறார். இன்னொருவர் அவர் தாயை இழுத்துப் பேசுகிறார். நடுவர் பின்னாலேயே நடந்து நடந்து எல்லைக்கோடு வரை வந்துவிடுகிறார். கை சட்டைப் பைக்குப் போகிறது, அட்டை மட்டும் வெளியே வருவதில்லை. அதற்குள் மேடையில் இருக்கும் மைக் பேசுகிறது: “ரெஃப்ரி, கொஞ்சம் பார்த்து ஊதுங்க.” அந்த ஒரு வரி போதும். சுற்றி நிற்கும் அத்தனை பேர் கண்ணிலும் நடுவர்தான் குற்றவாளி.

அட்டை ஏன் வெளியே வருவதில்லை? நடுவருக்கு விதி தெரியாமல் இல்லை. சிவப்பு அட்டை காட்டினால் என்ன நடக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். “எங்க என்ட்ரி பீஸைத் திருப்பிக் கொடுங்க, நாங்க கிளம்புறோம்” என்று அணி வெளியே வந்து நிற்கும். பரிசுத் தொகை கொடுத்தவர் முகம் சுளிப்பார். கமிட்டியிலிருந்து ஒருவர் நடுவரின் தோளில் கைபோட்டு, “விட்டுக் கொடுங்க சார், ஆட்டம் நின்னுடும்” என்பார். அட்டை வாங்கியவர் மறுபடி உள்ளே வந்து ஆடுவார். இப்படி ஒருமுறை நடந்துவிட்டால் அந்த நடுவர் அடுத்த ஆட்டத்தில் எதைக் கேட்டாலும் காது கேளாதவர் போலத்தான் இருப்பார். அதற்கடுத்த போட்டிக்குக் கூப்பிட்டால் வரமாட்டார். குற்றம் அவர் மீது இல்லை என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

விதியில் குழப்பமே கிடையாது. கால்பந்து விதிகளின் 12ஆவது பிரிவு இரண்டு குற்றங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறது. சொல்லாலோ செயலாலோ நடுவரின் முடிவை எதிர்த்து முரண்டு பிடித்தால் மஞ்சள் அட்டை. புண்படுத்தும், இழிவுபடுத்தும், வசைபாடும் சொல்லோ சைகையோ என்றால் நேரே சிவப்பு. பந்தைத் தூக்கி எறிவதும், நடுவரைப் பார்த்து ஏளனமாகக் கைதட்டுவதும் வாயே திறக்காமல் செய்யும் எதிர்ப்புதான். 2019ஆம் ஆண்டு முதல் பயிற்சியாளருக்கும் மேலாளருக்கும்கூட அட்டை காட்டலாம்.

இந்த அட்டைகள் பிறந்த கதையே வாய்த்தகராறில்தான் தொடங்குகிறது. 1966 உலகக் கோப்பைக் காலிறுதி. வெம்பிளியில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடின. ஓயாமல் வாதாடிக்கொண்டிருந்த அர்ஜென்டினா கேப்டன் அன்டோனியோ ராட்டினை ஜெர்மன் நடுவர் ருடால்ஃப் க்ரைட்லைன் வெளியேற்றினார். ஒருவர் பேசும் மொழி மற்றவருக்குப் புரியாது. ராட்டின் பல நிமிடங்கள் மைதானத்தை விட்டு நகரவே இல்லை. அந்தக் குழப்பத்தைக் கண்ட ஆங்கிலேய நடுவர் கென் ஆஸ்டனுக்குப் போக்குவரத்து விளக்கைப் பார்த்தபோது மஞ்சள், சிவப்பு யோசனை தோன்றியது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. எந்த நாட்டுக்காரருக்கும் புரிய வேண்டும், வாதத்துக்கு இடமிருக்கக் கூடாது என்பதற்காக வந்த அட்டையை வைத்துக்கொண்டு நம் மைதானங்களில் கால்மணி நேரம் வாதாடுகிறோம்.

பெரிய மைதானங்களில் இப்படிப்பட்ட தகராறு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் நினைவுபடுத்துகிறோம். 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். உள்ளே ஆட்டக்காரர்களுக்குள் மூண்ட மோதல் பார்வையாளர் பகுதிக்குப் பரவியது. 16 ரசிகர்கள் வீடு திரும்பவில்லை. அதே இரு அணிகள் 2012 டிசம்பர் 9 அன்று சால்ட் லேக் மைதானத்தில் மோதியபோது, நடுவரோடு தகராறு செய்த மோகன் பகான் கேப்டன் ஒடாஃபாவுக்குச் சிவப்பு அட்டை விழுந்தது. கூட்டத்திலிருந்து பறந்து வந்த கல் அவருடைய அணியின் ரஹீம் நபி முகத்திலேயே பட்டது. இரண்டாம் பாதிக்கு அணி திரும்பி வரவில்லை. ஐ-லீக் தொடரில் ஆட அணிக்கு விதித்த தடை மேல்முறையீட்டில் நீங்கியது என்றாலும், 2 கோடி ரூபாய் அபராதமும் அதுவரை சேர்த்த புள்ளிகளின் இழப்பும் மிஞ்சின. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில், சுனில் சேத்ரி சட்டென்று அடித்த ஃப்ரீ கிக்கை நடுவர் கோல் என்று ஏற்றதை எதிர்த்து, கேரளா பிளாஸ்டர்ஸ் பயிற்சியாளர் அணியை வெளியே அழைத்துக்கொண்டார். அணிக்கு 4 கோடி அபராதம், அவருக்கு 10 ஆட்டத் தடை. நடுவரின் முடிவு சரியா தவறா என்று இன்றைக்கும் விவாதிக்கலாம். வெளியேறியது தவறு என்பதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை.

எங்களை உலுக்குவது இன்னொரு மரணம். நெதர்லாந்தில் அல்மேர என்ற ஊர். ரிச்சர்ட் நியூவென்ஹாய்சன், வயது 41. தன் மகன் ஆடும் சிறுவர் அணிக்காகக் காசு வாங்காமல் லைன்ஸ்மேனாக நின்றவர். 2012 டிசம்பர் 2 அன்று ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அவரை உதைத்தார்கள். மறுநாள் இறந்துபோனார். அது உலகக் கோப்பை அல்ல, நம் பள்ளி மைதானத்தில் நடப்பது போன்ற ஒரு சின்ன ஆட்டம். அடித்தவர்களில் பெரும்பாலோர் விடலைப் பையன்கள்.

இனி நடுவர்களுக்கு எங்கள் வேண்டுகோள். எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொள்வதும் இதுதான்.

கோலுக்கு இரண்டடி முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்துவிட்டு, தன்னையே திட்டிக்கொள்ளும் பையனை விட்டுவிடுங்கள். பக்கத்தில் போகும்போது “தம்பி, வாயைக் கொஞ்சம் அடக்கு” என்று சொன்னால் போதும். யாரை நோக்கிச் சொன்னார் என்பதுதான் கேள்வி. இது எளிய கேள்வி அல்ல என்பதும் தெரியும். 2025 பிப்ரவரியில் ஸ்பெயினில் ஒசாசுனாவுக்கு எதிரான ஆட்டத்தில் ரியல் மாட்ரிட் வீரர் ஜூட் பெல்லிங்ஹாம் வசைச்சொல்லுக்காக வெளியேற்றப்பட்டார். நடுவரை நான் திட்டவில்லை என்று அவர் சொன்னார். இரண்டு ஆட்டத் தடை கிடைத்தது. அத்தனை கேமராக்கள் இருந்த இடத்திலேயே வழக்கு தீராதபோது, நம் நடுவர் தன் காதையும் கண்ணையும் மட்டுமே நம்ப வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஆட்டத்தின் முதல் பத்து நிமிடம் முக்கியம். முதல் முணுமுணுப்பிலேயே ஆட்டத்தை நிறுத்தி, கேப்டனை அழைத்து, எல்லோரும் பார்க்கும்படி ஒருமுறை எச்சரியுங்கள். அடுத்தது மஞ்சள். நேராக முகம் பார்த்து வசைச்சொல் வந்தால் எச்சரிக்கையும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், சிவப்புதான். முதல் நிமிடமோ கடைசி நிமிடமோ, உள்ளூர் அணியோ வெளியூர் அணியோ, அளவு ஒன்றாகவே இருக்கட்டும். இந்தப் பக்கம் ஒன்று காட்டினோமே என்று அந்தப் பக்கமும் ஒன்று காட்டிக் கணக்கைச் சரிக்கட்டாதீர்கள்.

திருப்பித் திட்டாதீர்கள், தொடாதீர்கள், மூக்குக்கு நேரே அட்டையை நீட்டாதீர்கள். நாலடி தள்ளி நின்று காட்டுங்கள். அறிக்கை எழுதும்போது “கெட்ட வார்த்தை பேசினார்” என்று எழுதிவிட்டால் யாருக்கும் எதுவும் புரியாது. கூச்சப்படாமல் சொன்ன சொல்லைச் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் முடிவு தவறு என்று உங்களுக்கே பட்டால், ஆட்டத்தை மறுபடி தொடங்குவதற்கு முன் மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. தொடங்கிய பிறகு இடமில்லை. கேப்டன் ஒருவர் மட்டும் வந்து அமைதியாகக் கேட்டால் பதில் சொல்லுங்கள். 2024 ஐரோப்பியக் கோப்பையில் இந்த முறையைத்தான் கொண்டுவந்தார்கள். கேப்டன் தவிர வேறு யார் ஓடிவந்து சூழ்ந்தாலும் மஞ்சள்.

முரண்டு பிடிப்பதற்கு இன்னொரு மருந்தும் இருக்கிறது. இங்கிலாந்தில் 2017 முதல் 31 உள்ளூர் லீக்குகளில், நடுவரை எதிர்த்துப் பேசியவரைப் பத்து நிமிடம் வெளியே உட்காரவைத்துப் பார்த்தார்கள். அந்தக் குற்றம் 38 சதவீதம் குறைந்தது. 2019 முதல் அதை நாடு முழுக்க அடிமட்ட ஆட்டங்களுக்கு விரித்தார்கள். நமக்கு இது புதிதும் அல்ல. கபடியில் மஞ்சள் அட்டை வாங்கினால் இரண்டு நிமிடம் வெளியேதானே நிற்கிறோம்? நம் செவன்ஸ் போட்டிகளில் ஆட்ட நேரம் குறைவு. ஐந்து நிமிடம் போதும் என்பது எங்கள் கருத்து. ஏழு பேரில் ஒருவர் வெளியே உட்கார்ந்தால் மற்ற ஆறு பேரே அவர் வாயை அடக்கிவிடுவார்கள்.

சாதியைச் சொல்லித் திட்டுவதைப் பற்றித் தனியாகவே சொல்ல வேண்டும். மைதானத்தில் அதுவும் நடக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. தெருப் பெயரைச் சொல்வது போலச் சாதியைச் சொல்லிக் காட்டுவதும் நடக்கிறது. அதற்குச் சிவப்பு தவிர வேறு அட்டை கிடையாது. ஆட்டச் சூட்டில் வாய்தவறி வந்தது என்ற சமாதானத்தை நாங்கள் ஏற்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடி மக்களை மற்றவர்கள் பொது இடத்தில் சாதிப் பெயரால் வசைபாடுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பாதிக்கப்பட்டவர் காவல் நிலையம் போக நினைத்தால், ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று யாரும் வழிமறிக்க வேண்டாம். ஊர்ப் பெயரைக் கெடுத்தவர் திட்டியவர்.

நம் கடலூர் மாவட்டத்துப் பெண் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடியவர். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி ஃபிஃபா நடுவராக உயர்ந்தவர். இவர்களைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டே, ஒரு பெண்பிள்ளை மைதானத்து ஓரம் நின்று பார்க்கக்கூட முடியாத பேச்சைப் பேசிக்கொண்டிருக்கிறோம். தாயையும் தங்கையையும் இழுக்கும் வசவு காதில் விழுந்த பிறகு எந்த வீட்டில் மகளை ஆட அனுப்புவார்கள்?

கமிட்டியாரே, உங்களிடம் கேட்பதுதான் எங்கள் முதன்மையான கோரிக்கை. நடுவர் காட்டிய அட்டையை எந்தக் காரணத்துக்காகவும் ரத்து செய்யாதீர்கள். பாதியில் வெளியேறும் அணிக்கு நுழைவுக் கட்டணம் திரும்பக் கிடையாது, அடுத்த ஆண்டு இடமும் கிடையாது என்று நோட்டீசிலேயே அச்சடியுங்கள். நடுவரின் சம்பளத்தை ஆட்டம் தொடங்கும் முன்பே கையில் கொடுத்துவிடுங்கள். முடிவு பிடிக்காத அணி போய்விட்டால் காசு என்னாகுமோ என்ற கவலையோடு அவர் விசில் ஊதக் கூடாது. மைக் பிடிக்கும் அண்ணன், கோல் அடித்தவர் பெயரைச் சொல்லட்டும், கைதட்டச் சொல்லட்டும். நடுவரின் முடிவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் நடுவர் தன் வண்டியை எடுக்கும் வரை கமிட்டியிலிருந்து இருவர் அவருடன் நடந்து போக வேண்டும்.

பெற்றோரும் பார்வையாளரும் கேட்க வேண்டியது ஒன்று. கோட்டுக்கு வெளியே நின்று நீங்கள் கத்துவதைத்தான் பத்து வயதுப் பையன் உள்ளே திரும்பச் சொல்கிறான். பக்கத்தில் நிற்பவர் திட்டத் தொடங்கினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

நடுவர் தவறே செய்யமாட்டார் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒற்றை ஆளாக, சில நேரம் லைன்ஸ்மேன்கூட இல்லாமல், வெயிலில் ஓடுகிறவர் ஆஃப் சைடைத் தவறவிடத்தான் செய்வார். அதைக் கேப்டன் கேட்கலாம், ஆட்டம் முடிந்தபின் அணி எழுத்தில் புகார் கொடுக்கலாம். கமிட்டி அந்தப் புகாரைப் படித்துப் பதில் சொல்ல வேண்டும். திட்டக்குடியில் அடுத்து நடக்கும் போட்டியிலிருந்தே, அது பொங்கலுக்கானாலும் கோடை விடுமுறைக்கானாலும், இந்த நடைமுறைகளைக் கடைப்பிடிக்க முன்வரும் கமிட்டிக்கு எங்களில் விசில் பிடிப்பவர்கள் அனைவரும் வந்து நிற்போம். காட்டிய அட்டையைத் திரும்பப் பெறச் சொல்லும் மைதானத்துக்கு இனி வரமாட்டோம். உங்கள் ஊர்க் கமிட்டியைக் கூட்டி, முடிவெடுத்து, எங்களை அழையுங்கள்.

இப்படிக்கு,
திட்டக்குடி வட்டாரத்தில் கால்பந்து ஆடுகிறவர்களும் விசில் ஊதுகிறவர்களும்